ஜல்லியில் நான்கு முட்டைகள்

1

இந்தக் கதையை எழுதமாட்டேன் என்று என் நாத்தனாரிடம் சொல்லியிருந்தேன். சத்தியமெல்லாம் இல்லை. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "எழுதமாட்டேன், போதுமா?" என்றேன். அவள், "போதும்" என்றாள். அது நடந்து பத்து மாதம் ஆகிறது.

போன வாரம் அவளே மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அண்ணி, அதை எழுதறதா இருந்தா எழுதிடுங்க. ஆனா நான் படிச்சுப் பாத்த பிறகுதான் வெளிய போகணும்."

"ஏன், இப்ப என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீங்க எழுதாம இருக்கறதைப் பாக்க முடியல. பால் பொங்கினாலும் வேற எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

ஆகவே எழுதுகிறேன். இந்தப் பக்கங்களை அவள் பென்சிலோடு படித்திருக்கிறாள். அவள் ஓரத்தில் எழுதியவற்றில் சிலவற்றை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவோம். பாப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அவள் வேலை செய்யும் மருத்துவமனையில் எக்ஸ்ரே மேடம் என்றால்தான் தெரியும்.

(பாப்பா: வயசு எதுக்கு?)

2

தொடக்கம் அமையவில்லை. எழுதிப் பார்த்தவை இவை.

"ஆள்காட்டி என்பது தரையில் முட்டையிடும் ஒரு பறவை." இது ஆறாம் வகுப்புக் கட்டுரை. அடுத்த வரியில் அதன் பயன்கள் வந்துவிடும்.

"அன்று வானம் ஏனோ" (வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்கமான வெயில்தான்.)

"ஒரே கூரையின் கீழ் பதினோரு வருடம் ஓர் அண்ணியும் நாத்தனாரும்" என்று ஆரம்பித்தால், யார் எப்போது பெட்டியைக் கட்டப்போகிறார்கள் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். நாங்கள் சண்டை போட்டதே இல்லை. சண்டை போடும் அளவுக்குப் பேசியதில்லை, அவ்வளவுதான். நான் கல்யாணமாகி வந்தபோது அவள் மாடியறையில் இருந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். "தண்ணி மோட்டார் போட்டாச்சா?" "கேஸ் சிலிண்டர் சொல்லியாச்சா?" பதினோரு வருடப் பேச்சைச் சுருக்கினால் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

கதை உண்மையில் ஆரம்பித்தது ஓர் இருமலில். நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். காகிதத் தூசு என்று இரண்டு மாதம் அலட்சியமாக இருந்துவிட்டேன். என் அம்மாவுக்கும் இப்படி இருமலில்தான் ஆரம்பித்தது; அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. பாப்பாதான் ஒரு நாள் படியிறங்கும்போது நின்று கேட்டாள். "இது எத்தனை நாளா?" மறுநாள் காலை கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

குளிர்ந்த பலகையில் என் மார்பை ஒட்டவைத்து, தோளைப் பிடித்து முன்னே தள்ளிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள். "மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க." வீட்டில் அவள் என்னிடம் தொடர்ந்து மூன்று வாக்கியம் பேசியதில்லை.

டாக்டர் அறுவை சிகிச்சையில் இருந்தார். படத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்து, பின்பக்கத் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"இதைப் பாருங்க."

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் ஒரு மைனா குளித்துக்கொண்டிருந்தது. தலை முழுக்கச் சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடி, கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாமாவைப் போல. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகியது. இருமி முடித்ததும் அடுத்த படம். கம்பியில் இரட்டைவால் கரிச்சான். தொட்டியில் தேன்சிட்டு. சுவரில் வரிசையாக உட்கார்ந்து எவரையோ பற்றிப் புறம் பேசும் தவிட்டுக்குருவிகள்.

"இதெல்லாம் எங்க எடுத்தே?"

"நம்ம வீட்டு மொட்டை மாடி."

நான் துணி காயப்போடும் இடம். பதினோரு வருடமாகத் துணியை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

டாக்டர் வந்து, நுரையீரலில் ஒன்றுமில்லை, மூச்சுக்குழாயில் அழற்சி, பத்து நாள் மாத்திரை என்றபோது நான் நூற்றுப் பதினேழாவது படத்தில் இருந்தேன்.

(பாப்பா: இதுதான் நல்ல ஆரம்பம். மத்ததை அடிச்சிருங்க.)

அடிக்கவில்லை. தோற்றவையும் கொஞ்ச நேரம் மேடையில் நிற்கட்டும்.

3

மறுவாரம் மைனா படத்தை எனக்கு ஒரு பிரதி போட்டுத் தரச் சொன்னேன். அதன் கீழே ஒரு துண்டுத்தாளில் நான்கு வரி எழுதினேன். எனக்கு எழுத வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்தச் சமயம் அச்சகத்தில் என் மேசையில் இருந்தது துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு. என் வாக்கியங்களில் அதிகம் பேர் படித்தது, "ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள்" என்பதாகத்தான் இருக்கும்.

அந்த நான்கு வரியைப் பாப்பா படித்தாள். திங்கட்கிழமை அதைப் படத்தோடு சேர்த்து எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டாள்.

அந்தப் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சைத் துணி ஒட்டியது. அதில் இருந்தவை: கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லவும் என்ற அறிவிப்பு, நகைகளைக் கழற்றவும் என்ற அறிவிப்பு, காலாவதியான ஒரு ரத்ததான முகாம். அதற்கு எதிரே பன்னிரண்டு நாற்காலிகள். அங்கே உட்காருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றுக்குப் பயந்துகொண்டிருப்பவர்கள். பயந்தவர்கள் சுவரில் இருக்கும் எதையும் படிப்பார்கள். ரத்ததான முகாமைக்கூட மூன்று தடவை படிப்பார்கள்.

மைனாவைப் படித்தார்கள்.

அடுத்த திங்கள் கரிச்சான். அதற்கடுத்தது சின்னான் என்கிற புல்புல். "இந்த வாரப் பறவை" என்று தலைப்புப் போட்டதும், ஓர் ஓரத்தில் நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டதும் பாப்பாதான். யாராவது ஏதாவது எழுதுவார்கள் என்று நான் நம்பவில்லை. எழுதினார்கள். "எங்க வீட்டு ஜன்னலிலும் வருது, தினமும் கண்ணாடியைக் கொத்துது." "இது ஆணா பெண்ணா?" "முதுகு வலி குறையல, ஆனா படம் அருமை."

வீட்டில் இப்போது நாங்கள் பேச ஆரம்பித்திருந்தோம். அவள் படத்தைக் காட்டுவாள், நான் வரியைப் படித்துக் காட்டுவேன், "சின்னானுக்குக் கொண்டைன்னு போடாதீங்க, கலைஞ்ச முடி மாதிரி இருக்குன்னு போடுங்க" என்பாள். என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தட்டைத் தட்டினார். "நீங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சதிலேர்ந்து இந்த வீட்டுல எனக்கு யாரும் பதில் சொல்றதில்ல. உப்பு எங்கன்னு மூணு தடவை கேட்டாச்சு." பாப்பா உப்பைத் தள்ளிவிட்டு என்னிடம், "அந்தத் தவிட்டுக்குருவில கடைசி வரி கொஞ்சம் நீளம்" என்றாள்.

4

இங்கே ஒரு பாத்திரத்தைக் கொண்டுவர வேண்டும். அவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அவர் தையல்காரர். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார். எலும்பு சரியாகக் கூடவில்லை. ஒரு தடவை பிரித்து மறுபடி கட்டினார்கள். அதனால் பத்து நாளுக்கு ஒரு முறை எக்ஸ்ரேக்கு வந்துகொண்டிருந்தார். போர்டில் இடது கையால் எழுதுவார். அவர் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் சாய்ந்திருக்கும். அவர் எழுதியது எப்போதும் துணியைப் பற்றித்தான். "தேன்சிட்டு நீலத்துக்கு நூல் கிடையாது. நான் தேடியிருக்கேன்." "கரிச்சான் வாலை வெட்டினவன் நல்ல கட்டர்."

ஒரு நாள் அவர் முறை இல்லாத திங்கட்கிழமையும் வந்து உட்கார்ந்திருந்தாராம். பாப்பா சீட்டைக் கேட்டதற்கு, "இல்லம்மா, பறவை மாறியிருக்கும்ல, அதான்" என்றாராம்.

சந்தேகம் என்னவென்றால், இந்தக் கதையில் தவறு ஒன்று நடக்கிறது. அதை இவர் தலையில் வைத்துவிடுவது மிகச் சுலபம். முதல் வரைவில் வைத்துவிட்டேன். அந்த வரைவில் அவர் குரலை உயர்த்திப் பேசினார், வெற்றிலைக்கறை மாதிரி ஏதோ ஒன்று

(பாப்பா: அவர் அப்படி இல்ல. அண்ணி, இது அநியாயம்.)

அநியாயம்தான். கிழித்துவிட்டேன்.

5

மருத்துவமனைக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறைக்கும் மதிலுக்கும் நடுவில், ஜல்லி கொட்டிப் பரப்பிய வெற்றிடம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே ஏதோ கட்ட நினைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே அறையின் சின்ன ஜன்னல் அதைப் பார்த்துதான் திறக்கும்.

கோடையின் தொடக்கத்தில் ஒரு ஜோடி ஆள்காட்டிகள் அங்கே இறங்கின. நீண்ட மஞ்சள் கால், கறுத்த மார்பு, கண்ணுக்கு முன்னால் சிவப்பாகத் தொங்கும் சதை. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும், அதனால்தான் அந்தப் பெயர். கூடு என்று எதுவும் கட்டாது. கல்லை லேசாக ஒதுக்கிக் குழி செய்து அதில் முட்டையிடும். முட்டைகள் கல்லைப் போலவே இருக்கும். அதுதான் அதன் ஒரே பாதுகாப்பு.

பாப்பா ஜன்னலிலிருந்தே எடுத்த படம் அது. முழுக்க ஜல்லி. வேறொன்றும் இல்லை. ரொம்ப நேரம் பார்த்த பிறகு ஒரு கல் உருண்டையாகும். பிறகு இன்னொன்று. நான்கு.

அவள் எடுத்த படங்களிலேயே சிறந்தது என்று இப்போதும் சொல்வேன். அன்றும் சொன்னேன். அவள் காது சிவந்துவிட்டது.

"எங்கன்னு மட்டும் போடாதீங்க அண்ணி."

"போடமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுதினேன். "இந்தப் படத்தில் நான்கு முட்டைகள் இருக்கின்றன. கண்டுபிடியுங்கள். அவசரமில்லை, உங்களைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது." இத்தோடு நிறுத்தியிருக்கலாம். அப்போது ஒரு வாக்கியம் தானாக வந்தது. எழுதுகிறவர்களுக்குத் தெரியும், அப்படி வருகிறவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்ப மனசு வராது.

"நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து அறுபதடி தூரத்தில், உங்களைப் போலவே ஓர் உயிர் காத்துக்கொண்டிருக்கிறது."

படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. இடத்தைச் சொல்லவில்லையே, தூரத்தைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே வழக்காடினேன். திங்கட்கிழமை காலை பாப்பாவுக்கு அவசரம். விபத்தில் அடிபட்ட ஒருவரை ஆறரை மணிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அவள் என்னிடமிருந்து உறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். படிக்காமலே போர்டில் குத்தினாள்.

அதுவரை ஒரு தடவைகூட அவள் படிக்காமல் குத்தியதில்லை.

6

இந்தப் பகுதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

அறுபதடி தூரத்தில் வெற்றிடம் ஒன்றுதான் இருந்தது. திங்கட்கிழமை ஓரிருவர் போய்ப் பார்த்தார்கள். செவ்வாய் பத்துப் பேர். புதன்கிழமை வார்டுகளிலிருந்தும் வந்தார்கள், ஒருவர் சலைன் கம்பத்தைத் தள்ளிக்கொண்டே வந்தார். எல்லோரும் நல்லவர்கள். யாரும் கல்லெடுத்து எறியவில்லை. "உஷ், மெதுவா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, ஃபோனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். தலைக்கு மேலே இரண்டு பறவைகளும் வட்டமடித்துக் கத்திக்கொண்டிருந்தன. அது தங்களை வரவேற்கிறது என்று ஒரு அம்மா சொன்னாராம்.

பறவை இறங்கி உட்கார முடியாத நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடந்தது. அந்த வெயிலில் ஜல்லியில் கை வைக்க முடியாது.

பாப்பா மூன்று நாளும் இடைவேளைகளில் ஓடி ஓடி ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே நோயாளி, வெளியே கூட்டம். போர்டிலிருந்த என் வரியை அவள் புதன்கிழமைதான் படித்தாள். அதற்குள் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

வியாழக்கிழமை காலை தையல்காரர் வந்தார். அன்று அவர் முறை. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத் தனியாகப் பின்பக்கம் போயிருக்கிறார். முட்டையைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. படத்தில் எந்தக் கோணம் என்று யோசித்துக்கொண்டே ஓரடி பின்னால் வைத்திருக்கிறார்.

எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றபோது செருப்பைக் கையில் பிடித்திருந்தாராம். பாப்பாவிடம் அவர் சொன்னது ஒன்றுதான்.

"கல்லுன்னு நெனச்சேம்மா."

(பாப்பா: அவர் அழுதாரான்னு எழுதாதீங்க.)

எழுதவில்லை.

7

அன்று பாப்பா போர்டைக் காலி செய்தாள். படத்தையும் என் தாளையும் எடுத்தாள், பென்சிலை நூலோடு அறுத்தெடுத்தாள். வீட்டுக்கு வந்து கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் நூறு சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

"தண்ணி மோட்டார் போட்டாச்சா?" என்றாள்.

பழைய இடத்துக்கே திரும்பியிருந்தோம். நான் அப்போது எழுதத் தொடங்கிய மன்னிப்புக் கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. "பாப்பா, நான் வேண்டுமென்று" "பாப்பா, ஒரு வாக்கியம் நன்றாக இருந்தால்" "எனக்கு உன் படத்தைவிட என் வரி" மூன்றாவது உண்மையானது. அதனால்தான் அதை முடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். ஜல்லியின் ஓரத்தில் காவலுக்கு நின்றேன். வந்தவர்களைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். ஒரு பெரியவர் மட்டும் போகாமல் யோசனை சொன்னார். "மேடம்கிட்ட சொல்லி ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டா, உள்ள உயிர் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடுமே?" அவரையும் கும்பிட்டேன். பதினொன்று, பன்னிரண்டு, ஒரு மணி. வேர்த்து ஊற்றியது. எனக்குத் திருப்தியாக இருந்தது. பிராயச்சித்தம் செய்கிறவளின் திருப்தி. அதைப் போல ஆபத்தானது வேறில்லை.

ஜன்னல் திறந்தது. பாப்பா எட்டிப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பின்கதவு வழியாக வந்து என்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்றாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"காலைலேர்ந்து. இதுவரை இருபது பேரைத் திருப்பி அனுப்பிட்டேன்."

"பறவை எங்க?"

மேலே பார்த்தேன். ஒன்று மதில்மேல் நின்று கத்திக்கொண்டிருந்தது. மற்றொன்று ஜெனரேட்டர் அறையின் கூரையில்.

"அவங்க வந்தாலும் அது உக்காராது. நீங்க நின்னாலும் உக்காராது. அதுக்கு என்ன தெரியும், இவங்க கூட்டம், இவங்க காவல்னு?"

நான் குடையை மடக்கினேன். மடக்க வரவில்லை, கம்பி சிக்கிக்கொண்டது. அவளே வாங்கி மடக்கினாள்.

"பாப்பா, அந்த வரி..."

"தெரியும்."

"நீ சொல்லியும் நான்..."

"அண்ணி, நான் படிக்காமக் குத்தினேன். அதை யோசிச்சுதான் ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. உங்க மேல கோபமெல்லாம் புதன்கிழமையே தீந்துபோச்சு." கொஞ்சம் யோசித்தாள். "இல்ல, கொஞ்சம் இருக்கு. இருக்கட்டும். இப்ப வாங்க, உள்ள போகலாம்."

ஜன்னலை விரலளவு திறந்துவைத்து, விளக்கணைத்த எக்ஸ்ரே அறையில் இருவரும் நின்று பார்த்தோம். ஆறு நிமிடம். மதில்மேல் இருந்தது இறங்கியது. நேராக முட்டைக்குப் போகவில்லை. ஏசித் தண்ணீர் தேங்கிய இடத்துக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டது. பிறகு ஈர வயிற்றோடு நடந்து வந்து, மீதமிருந்த மூன்று முட்டைகளின்மேல் மெதுவாக உட்கார்ந்தது.

"சூட்டைத் தணிக்குது" என்றாள் பாப்பா. அவள் குரல் நோயாளிகளிடம் பேசும்போது வருகிற குரல்.

அவளிடம் கேமரா இல்லை. என்னிடம் வார்த்தை இல்லை. நாங்கள் சேர்ந்து செய்ததிலேயே நல்ல வேலை அந்த ஆறு நிமிடம்தான் என்று தோன்றுகிறது.

8

ஆனால் நாங்கள் உள்ளேயே இருந்தால் ஆட்கள் வருவார்கள். "ஒரு அறிவிப்பு எழுதட்டுமா? தயவுசெய்து..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றாள் பாப்பா. சரக்கு அறைக்குப் போனாள். பழைய எக்ஸ்ரே அறையின் வாசலில் மாட்டியிருந்த தகரப் பலகை ஒன்று அங்கே கிடந்தது. மஞ்சள் நிறம், நடுவில் கறுப்பாக மூன்று இதழ்ச் சின்னம். கீழே: "கதிர்வீச்சு அபாயம். உள்ளே வராதீர்கள்." அதைத் தூக்கிக்கொண்டு போய் ஜல்லியின் முகப்பில் இரண்டு செங்கலை முட்டுக் கொடுத்து நிறுத்தினாள்.

அதன்பிறகு ஒரு குஞ்சு குருமான்கூட அந்தப் பக்கம் போகவில்லை. சலைன் கம்பத்துக்காரர் தூரத்தில் வரும்போதே வளைந்து போனார். என் நான்கு மாத எழுத்துக்கு இல்லாத சக்தி ஒரு தகரத்துக்கு இருந்தது.

நான்காவது நாள் நிர்வாக அலுவலர் பார்த்துவிட்டார். மெமோ வந்தது. மருத்துவமனை வளாகத்தில் பொய்யான அபாய அறிவிப்பு வைத்துப் பீதி உண்டாக்கியது ஏன், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கவும். பத்தொன்பது வருட வேலையில் பாப்பாவுக்கு வந்த முதல் மெமோ. சாப்பாட்டு மேசையில் அதை மடித்து மடித்து நகத்தளவு ஆக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பணி ஆண்டறிக்கையில் ஏறினால் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு போய்விடும்.

"பதிலை நான் எழுதட்டுமா?" என்றேன். கேட்கப் பயமாகத்தான் இருந்தது.

மடித்ததைப் பிரித்து என் பக்கம் தள்ளி, "எழுதுங்க. ஆனா நான் படிப்பேன்" என்றாள்.

அந்தப் பதிலைப் பதினோரு தடவை எழுதினேன். நன்றாக வந்த வாக்கியங்களை எல்லாம் அடித்தேன். மிஞ்சியது இது: "மேற்படி இடத்தில் கதிர்வீச்சு எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பலகையில் முதல் வரி பொய். இரண்டாவது வரி உண்மை. அங்கே ஒரு பறவை அடைகாக்கிறது. எங்கள் அறிவிப்பு ஒன்றைப் படித்துவிட்டு வந்தவர்களால் ஒரு முட்டை உடைந்தது. மீதி மூன்றுக்கு இன்னும் பதினைந்து நாள் தேவை. அதுவரை யாரும் வராமல் இருக்க வேறு வழி தெரியாததால் இதைச் செய்தேன். பலகையை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுகிறேன்."

பாப்பா படித்தாள். "எங்கள் அறிவிப்பு" என்ற இடத்தில் விரல் வைத்தாள். நான் முதலில் "என் அண்ணி எழுதிய அறிவிப்பு" என்று போட்டிருந்தேன், அவள்தான் மாற்றச் சொன்னாள். மறுபடி ஒரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

நிர்வாக அலுவலர் அவளை அறைக்கு அழைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பலகையை எடுத்துடுங்க. பின்னாடி குழாய் ரிப்பேர்னு கயிறு கட்டச் சொல்றேன். பதினைஞ்சு நாள்தானே?"

"ஆமா சார்."

"குழாய்க்கும் ஒரு ரிப்பேர் இருக்கத்தான் இருக்கு. பத்து மாசமா." மெமோவின் மூலையில் "பார்த்தேன்" என்று எழுதி, கோப்பில் வைக்காமல் மேசை இழுப்பறையில் போட்டார்.

9

இங்கே மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

அ. மூன்று குஞ்சும் பொரித்தன. அண்ணியும் நாத்தனாரும் ஜன்னலில் தோளோடு தோள் சாய்ந்து பார்த்தார்கள். தையல்காரரும் வந்திருந்தார். (இனிப்பு அதிகம்.)

ஆ. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. (ஒரு நாள் முழுக்க இதுதான் உயர்ந்த இலக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

இ. கயிறு கட்டியதோடு நிறுத்துவது. (தைரியம் இல்லாததைக் கலை என்று சொல்வது.)

நடந்தது வேறு. இரண்டு பொரித்தன, ஒன்று பொரிக்கவில்லை. அந்தக் காலையில் நான் அங்கே இல்லை. அச்சகத்தில் துணி துவைக்கும் இயந்திரக் கையேட்டின் இரண்டாம் பதிப்பில் இருந்தேன். பாப்பா ஒரு இடுப்பு எலும்புப் படத்துக்கும் அடுத்த முழங்கால் படத்துக்கும் நடுவில் ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். ஜல்லியில் இரண்டு கல் நடந்து போயின என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து கேமராவைத் துடைத்து வைத்தாள்.

தையல்காரருக்கு நான் நேரில் போய்ச் சொன்னேன். கட்டுப் பிரித்திருந்தது. மெலிந்துபோன கையால் ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடதுங்க. நான் அந்த வரியை எழுதலைன்னா நீங்க அங்க போயிருக்கவே மாட்டீங்க."

அவர் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டார். "நீங்க எழுதலைன்னா, அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாம போயிருப்பேன். எது தேவலைன்னு எனக்கும் தெரியல." பிறகு, "ரெண்டா?" என்றார்.

"ரெண்டு."

"ம்." மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். கொஞ்சம் தைத்துவிட்டு நிறுத்தினார். "போர்டு திரும்ப வைங்க. திங்கக்கிழமை சும்மா இருக்கு."

வைத்தோம். இப்போது அதில் எந்தப் பறவை எந்த மரத்தில் இருக்கிறது என்று இருக்காது. கூடும் முட்டையும் வராது. பாப்பா படிக்காமல் எதையும் குத்துவதில்லை, நானும் குத்த விடுவதில்லை.

10

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். முடிந்துவிட்டது என்றுதான் நேற்றுவரை நினைத்தேன்.

நேற்று பாப்பா கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். "இது முடிவு இல்லையே அண்ணி" என்றாள். மொட்டை மாடிக்கு வரச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துகொண்டு, ஃபோனில் இல்லாமல், கேமராவில் இல்லாமல், வாயால் சொன்னாள். மறுபடி வந்திருக்கின்றன. அதே ஜோடியா, அந்த இரண்டில் ஒன்றா, தெரியாது. வேறொரு இடம். இன்று ஏழாவது நாள்.

எங்கே என்று எனக்குச் சொன்னாள். நானும் தூரத்தில் நின்று ஒரு தடவை பார்த்தேன். எத்தனை முட்டை என்பதும் தெரியும். அந்த இடத்தில் அது ஏன் இட்டது என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதைச் சொன்னால் உங்களுக்கும் வரும். ஒரு வாக்கியம் வந்து என் வாசலில் நிற்கிறது. நல்ல வாக்கியம்.

(பாப்பா: அண்ணி.)

இல்லை, எழுதவில்லை.

அதனால் இந்தக் கதைக்கு என்னால் முடிவு தர முடியாது. அது இன்னும் அடைகாத்துக்கொண்டிருக்கிறது. பொரிக்குமா, எத்தனை, என்றைக்கு என்பதை நீங்கள் உங்கள் வீட்டில் உட்கார்ந்து எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் பொரித்தன என்று வைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை, பாப்பாவுக்கும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். பக்கத்தை மூடும்போது சத்தமில்லாமல் மூடுங்கள். அப்படியே இரண்டடி பின்னால் போங்கள், காலடியைப் பார்த்து.